காப்புக் கட்டிய ஊரில் ஏழுமலையின் பித்தக்குழாய்

போன ஆடி மாதம் தீமிதி பார்க்கக் கிளம்பினேன். தீமிதியைப் பார்க்கவே இல்லை. அதனால் தீமிதி வர்ணனைக்காக இங்கே வந்தவர்கள் இப்போதே வேறு பக்கம் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஈரல் மாற்று ஆபரேஷன் செய்துகொண்டு, அதற்குப் பிறகும் கால் ஒரு இடத்தில் நிற்காமல் ஊர் சுற்ற ஆசைப்படுகிறவர்கள் மட்டும் உட்காருங்கள். இந்த வலைப்பூவே உங்களுக்காகத்தான்.

புதிதாக வந்தவர்களுக்கு என்னைப் பற்றி நாலு வரி. விழுப்புரத்தில் கணக்கு டீச்சர். ஈரல் மாற்றி ஆறு வருஷம் ஆகிறது. மூளைச்சாவு அடைந்த யாரோ ஒருவருடைய ஈரல். யாரென்று சொல்ல மாட்டார்கள். எனக்கு முன்னெல்லாம் பஸ் ஏறினாலே தலை சுற்றும், இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டில் இருக்க முடியவில்லை. அந்தப் புண்ணியவான் பெரிய ஊர்சுற்றியாக இருந்திருப்பார் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

அழைத்தது ஏழுமலை. புதுச்சேரி மாநிலத்துப் பாகூர் கொம்யூனில் (நம்ம பக்கத்து ஒன்றியம் மாதிரி), சோரியாங்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பேரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், போடவில்லை. முப்பத்தெட்டு வயது, வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். அவனுக்கு ஈரல் கொடுத்தது கூடப் பிறந்த அக்கா கலா, திருக்கனூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நானும் அவனும் பழக்கமானது சென்னையில், எண்டோஸ்கோபி அறைக்கு வெளியே இருக்கிற பெஞ்சில். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி: பித்தக்குழாய் சுருக்கம்.

அது என்ன என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். புது ஈரலை வைக்கும்போது அதன் பித்தக்குழாயை நம்முடைய பழைய குழாயோடு சேர்த்துத் தைக்கிறார்கள். தைத்த இடம் சிலருக்கு நாளாக ஆகச் சுருங்கும். உயிரோடு இருக்கிறவர் ஈரலைப் பாதி வெட்டிக் கொடுத்தால் குழாய் இன்னும் சின்னதாக இருக்கும், அதனால் அவர்களுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம். ஏழுமலை இதைத் தன் பாஷையில் "ஜாயின்ட்ல கோளாறு டீச்சர்" என்பான். வாய் வழியாக ஒரு குழாயை விட்டு, குடல் வரைக்கும் போய், அங்கிருந்து பித்தக்குழாய்க்குள் நுழைந்து, சுருங்கின இடத்தை விரித்து ஸ்டென்ட் என்கிற சின்ன பிளாஸ்டிக் குழாயை வைப்பார்கள். இதற்குத்தான் இ.ஆர்.சி.பி. என்று பேர். சுமார் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஸ்டென்டை மாற்ற வேண்டும். எனக்கு ஏழு தடவை ஆகியிருக்கிறது. மூன்றாவது தடவை கணையம் வீங்கி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன், அந்தக் கதையைப் பழைய பதிவில் எழுதியிருக்கிறேன்.

சரி, பயணம். வியாழக்கிழமை காலை ஏழரைக்கு விழுப்புரத்தில் புதுச்சேரி பஸ். வில்லியனூருக்கு டிக்கெட் இருபத்தைந்து ரூபாய், சுமார் முப்பது கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம் ஆனது. கண்டமங்கலம் தாண்டினதும் பிராந்திக் கடைகள் வரிசையாக வர ஆரம்பித்தால் மாநிலம் மாறிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். ஈரலை மாற்றிக்கொண்டவள் அந்தப் போர்டுகளைப் பார்க்கிற பார்வையே வேறு.

வில்லியனூரில் இறங்கி ஒன்பது மணிக்கு மாத்திரை போட்டேன். நம்ம மாத்திரையைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் கோயில் கோபுரத்தைச் சுற்றி ஒரு நடை, மாதா கோயில் வரைக்கும் ஒரு நடை. பத்து மணிக்கு ஆவி பறக்கிற இட்லியாகப் பார்த்து நாலு, முப்பத்திரண்டு ரூபாய். சட்னி வேண்டாம் என்றதும் சப்ளையர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பச்சைத் தண்ணீர் ஊற்றி அரைத்த சட்னியை நாம் தொடக்கூடாது என்று அவருக்கு எங்கே போய் விளக்குவது? சாம்பார் ஊற்றிக்கொண்டேன்.

அங்கிருந்து கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூருக்கு ஒரு தனியார் பஸ், பதினைந்து ரூபாய், முக்கால் மணி நேரத்துக்கு மேல். பாட்டுச் சத்தத்துக்குக் காதில் பஞ்சு எடுத்துப் போங்கள். பாகூரில் ஆட்டோ நூற்றைம்பது கேட்டார், பேரம் பேசினேன், நூற்றைம்பதுதான் கொடுத்தேன். வழியெல்லாம் ஏரிப் பாசன வயல், கரும்பு, நடுவில் வேப்பிலைத் தோரணம் கட்டின ஒவ்வொரு ஊர். ஆடி மாதத்தில் அந்தப் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒலிபெருக்கி உண்டு.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துக் கேட்டார். "ராத்திரி தங்குவீங்களாம்மா?"

"தங்கத்தான் வந்திருக்கேன்."

"காப்பு கட்டின ஊரும்மா அது. ராத்திரி தங்கிட்டா நாளைக்கு தீ மிதிச்சி முடியற வரைக்கும் எல்லையத் தாண்டக் கூடாது. இப்பவே யோசனை பண்ணிக்குங்க."

"தாண்டினா யார் புடிச்சி வைப்பாங்க?"

"யாரும் புடிக்க மாட்டாங்க. நீங்களே தாண்ட மாட்டீங்க" என்றார். நம்ம ஊர்ப் பக்கமும் காப்புக் கட்டு உண்டு, ஆனால் இவ்வளவு கறாராக இருந்து நான் பார்த்ததில்லை. கையில் காப்புக் கட்டிக்கொண்டவர்கள் கட்டின நிமிஷத்திலிருந்தே எல்லையைத் தாண்டக்கூடாதாம். அது எதுவரைக்கும் எல்லை, கடைக்குப் போனால் என்ன, பிரசவ வலி வந்தால் என்ன என்று நான் கேட்டுக்கொண்டே வந்ததில் அவருக்கு அலுத்துப்போய், தோரணத்துக்கு இந்தப் பக்கமே இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

ஊரே மஞ்சளாக இருந்தது. நாளைக்குத் தீ மிதிக்கப் போகிறவர்கள் முப்பது நாற்பது பேர் மஞ்சள் வேட்டி கட்டி, மஞ்சள் தண்ணீரில் குளித்து, உடம்பெல்லாம் மஞ்சள் பூசி, வலது கையில் மஞ்சள் கிழங்கு கட்டின காப்போடு நடமாடிக்கொண்டிருந்தார்கள். பட்டறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஏழுமலையும் அதே கோலத்தில் இருந்தான்.

எனக்கு அவன் தீ மிதிக்கப் போகிறான் என்பதே அப்போதுதான் தெரியும். தீமிதி பார்க்க வாங்க என்றானே தவிர, மிதிக்கப் போவது தான்தான் என்று சொல்லவில்லை. கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "இன்னாடா இது? காலில் ஒரு கொப்புளம் வந்தாலே நமக்கெல்லாம் சீழ் பிடிக்கும். டாக்டரைக் கேட்டியா?"

"கேட்டா வேணாம்னுதான சொல்வாரு டீச்சர். பொழைச்சி வந்தா மிதிக்கிறேன்னு அம்மாவாண்ட வேண்டிக்கினேன்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் தெம்பில்லை. அவன் மனைவி தேவி காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் கொண்டுவந்தாள். அக்கா கலா ஒரு சொம்பு கூழோடு வந்தாள். வாசனையிலேயே எனக்கு நாக்கு ஊறியது. புளித்த கூழ், யார் வீட்டுத் தண்ணீரோ தெரியாது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்றைய நாளின் முதல் துக்கம் அது.

பேச்சுவாக்கில், அடுத்த ஸ்டென்ட் எப்போது என்று கேட்டேன். "மாத்தியாச்சே" என்றான். தேதி இந்த வாரம்தானாம். காப்புக் கட்டிவிட்டால் சென்னைக்குப் போக முடியாது என்று, டாக்டரிடம் கெஞ்சிக் கேட்டு முன்னாடியே மாற்றிக்கொண்டானாம். இரண்டு நாள் பக்கத்தில் தங்கியிருந்து ரத்தம் பார்த்துவிட்டுப் போ என்று சொன்னார்களாம். மறுநாளே பஸ் ஏறி வந்து, அன்று சாயங்காலமே காப்புக் கட்டிக்கொண்டிருக்கிறான். ரத்தப் பரிசோதனையைப் புதுச்சேரியில் செய்துகொள்கிறேன் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறான். அதுவும் எல்லைக்கு அந்தப் பக்கம்தானே, போகவில்லை.

பேசிக்கொண்டே முதுகை நாற்காலியில் தேய்த்தான். என்னடா என்றேன். மஞ்சள் பூசினதில் அரிப்பு என்றான். சாப்பிட்டியா என்றேன். பசியே இல்லை, விரதம் என்றான். காலையில் உடம்பு நடுங்கியது என்றாள் தேவி. விடிகாலையில் பச்சைத் தண்ணீரில் குளித்தால் நடுங்காமல் என்ன செய்யும் என்றான். சிறுநீர் எப்படிப் போகிறது என்று நேராகவே கேட்டேன், எனக்கு என்ன வெட்கம். டீத்தண்ணி மாதிரி போகிறது, விரதத்தில் தண்ணீர் குடிப்பது குறைந்துவிட்டது என்றான். ஒவ்வொன்றுக்கும் அவனிடம் ஒரு பதில் இருந்தது. எல்லாப் பதிலும் நியாயமாகவும் இருந்தது. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். உடம்புக்கு மஞ்சள் பூசுவார்கள், வேட்டிக்கு மஞ்சள் நனைப்பார்கள். கண்ணின் வெள்ளைக்கு யாரும் பூசுவதில்லை. இரண்டு கண்ணும் நல்ல மஞ்சள். நாற்பது மஞ்சள் ஆட்களுக்கு நடுவில் ஒருத்தனுக்குக் காமாலை வந்தால் யார் கவனிப்பார்கள்? கட்டின பெண்டாட்டிக்கே தெரியவில்லை. பாவம், அவளைச் சொல்லி என்ன.

என் பையில் எப்போதும் இருக்கிற தெர்மாமீட்டரை வைத்தேன். தொண்ணூற்றொன்பதரை. "பாத்தீங்களா, காய்ச்சலே இல்ல" என்றான் ஏழுமலை சந்தோஷமாக. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டாலோ நழுவிவிட்டாலோ பித்தம் தேங்கி அதில் கிருமி சேரும். மற்றவர்களுக்குக் காய்ச்சல் அனலாகக் கொதிக்கும், வயிறு வலியில் துடிப்பார்கள். நாமோ உடம்பின் எதிர்ப்பை அடக்கி வைக்கத் தினம் மாத்திரை போடுகிறவர்கள், காய்ச்சல் சரியாக வராது. புது ஈரலுக்குப் பழைய நரம்புத் தொடர்பு கிடையாது, அதனால் வலியும் பல பேருக்கு வராது. உள்ளே சீழ் பிடித்துக்கொண்டிருக்கும், வெளியே ஆள் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பான்.

சென்னையில் எங்களைக் கவனிக்கிற ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண், "முதல்ல பக்கத்துல இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே கூட்டிட்டுப் போங்க, ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கட்டும், அங்கிருந்து ஆம்புலன்ஸ்ல இங்க வாங்க" என்றாள். நாளை சாயங்காலம் வரலாமா என்று ஏழுமலை கேட்கச் சொன்னான். கேட்டேன். "நாளைங்கிறது ரொம்ப லேட் மேடம்" என்றாள். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டார்கள்.

அப்படியும் அவன் எழுந்திருக்கவில்லை. "ஒரு நாள்தான டீச்சர். மிதிச்சிட்டு அப்படியே வண்டி ஏறிடறேன். காப்பு கட்டினவன் தாண்டினா ஊருக்கு ஆவாது. நாளைக்கு எவனுக்கு இன்னா ஆனாலும் என்னாலதான்னு சொல்வாங்க." தேவி அழ ஆரம்பித்தாள், ஆனால் அவளும் போகலாம் என்று சொல்லவில்லை. எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அதே சமயம், அவன் சொன்னதை அந்தத் தெருவில் ஒருத்தர்கூட மறுக்கவில்லை என்பதையும் பார்த்தேன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கலாதான் போய்ப் பூசாரியை இழுத்துக்கொண்டு வந்தாள். அறுபது வயசு ஆள், பதமாகப் பேசினார். காப்பை அவிழ்க்க வழி இருக்கிறதாம். அதே வீட்டுப் பங்காளி ஒருத்தன் வாங்கிக் கட்டிக்கொண்டால் போதும், வேண்டுதல் நிற்காது, எல்லையும் மீறினதாகாது, துணைக்குக் கூடப் போகிற பெண்டாட்டிக்கும் அது பொருந்தும். ஆனால் ஏழுமலைக்கு அண்ணன் தம்பி கிடையாது. ஒரே சித்தப்பா, அவரும் துபாயில்.

"எனக்குக் கட்டு" என்றாள் கலா.

"நீ கட்டிக் குடுத்த பொண்ணும்மா. வேற வூட்டு ஆளு. எப்படிக் கட்டறது?"

"என்னைத்தான் திருக்கனூருக்குக் கட்டிக் குடுத்தீங்க. ஈரல இவனாண்டதான குடுத்தேன். அது எந்த வூட்டு ஈரல், சொல்லு."

பூசாரி என் பக்கம் திரும்பி, "டீச்சர், வெட்டி வெச்சது அப்படியே இருக்குமா, இல்ல இவன் ஒடம்போட கலந்து இவனுதா ஆயிடுமா?" என்று கேட்டார். வேறு நேரமாக இருந்தால் அந்தக் கேள்விக்காக அவரோடு அரை நாள் பேசியிருப்பேன். எனக்கே ஆறு வருஷமாக இருக்கிற கேள்வி அது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அது இவனுக்குள் வளர்ந்திருக்கிறது, அவளிடம் மிச்சம் இருந்ததும் திரும்ப வளர்ந்துவிட்டது, ஆனால் இவன் உடம்பு இன்னைக்கும் அதை அவளுடையது என்றுதான் அடையாளம் வைத்திருக்கிறது, விட்டால் அடித்து விரட்டும், அதற்காகத்தான் சாகிற வரைக்கும் மாத்திரை.

"அப்ப பூ போட்டுக் கேட்டுடலாம்" என்றார். சிவப்பு ஒரு பொட்டலம், வெள்ளை ஒரு பொட்டலம், அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுக்கிற வழக்கம். அதற்குக் குளிக்க வேண்டும், பூ கட்ட வேண்டும், குழந்தை கையால் எடுக்க வேண்டும். ஏழுமலை அதற்குள் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தான், நெற்றி சில்லிட்டிருந்தது.

கலா குரலை உயர்த்தவில்லை. "கேளு. வேணாம்னு வந்தா இன்னா பண்ணுவ? இவனப் போவாதன்னுவியா? அத இப்பவே என்னாண்ட சொல்லிட்டுக் கேளு."

பூசாரி அவளையே பார்த்தார். அப்புறம் குனிந்து ஏழுமலை கையில் இருந்த காப்பை அவிழ்த்தார். கலா தலையோடு ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்து கையை நீட்டினாள். அதே காப்பை அவள் கையில் கட்டினார். நான் காருக்குச் சொல்லி வைத்திருந்தேன். வேப்பிலைத் தோரணத்தைத் தாண்டும்போது ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டான், நான் மணி பார்த்தேன், மூன்று ஆகவில்லை.

புதுச்சேரிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர், ஐம்பது நிமிஷம், கார் ஆயிரத்து இருநூறு ரூபாய். ஆஸ்பத்திரியில் இறங்கும்போதே ரத்த அழுத்தம் இறங்க ஆரம்பித்திருந்தது. மருந்து ஏற்றி, நிலைக்குக் கொண்டுவந்து, சென்னைக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். தேவி அவனோடு போனாள். நான் பின்னாலேயே பஸ் பிடித்துப் போனேன், அந்த நிலையில் விழுப்புரத்துக்குத் திரும்பிப் போய் எனக்குத் தூக்கம் வருமா?

மறுநாள் காலை மறுபடி இ.ஆர்.சி.பி. செய்தார்கள். புது ஸ்டென்ட் நழுவிக் குடலுக்குள் இறங்கிவிட்டிருந்தது, சுருக்கத்துக்கு மேலே சீழ் கட்டியிருந்தது. அதை வடியவிட்டு இந்தத் தடவை இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். ஸ்டென்ட் நழுவுவது யாருக்கும் நடக்கக்கூடியதுதான், ரத்தம் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும் என்றார் டாக்டர். சாயங்காலம் தீ மிதிக்க இருந்தார் என்று நான் சொன்னதும், "சாயங்காலம் வரைக்கும் இருந்திருக்க மாட்டார்" என்றார். பக்கத்தில் நின்ற தேவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

அன்று ஏழு மணி வாக்கில் கலா போன் செய்தாள். பின்னால் பம்பைச் சத்தம். "நடந்துட்டேன்டா. உனக்கு எப்படி கீது?" ஏழுமலை போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன், சொல்வதற்கு என்ன.

இப்போது நடைமுறை விஷயம். இ.ஆர்.சி.பி.க்குப் பிறகு அவர்கள் இருக்கச் சொன்ன நாள் வரைக்கும் அந்த ஊரிலேயே இருங்கள். ரத்தப் பரிசோதனை முடியாமல் எந்தப் பயணமும் வேண்டாம், கல்யாணமாக இருந்தாலும் சரி, காரியமாக இருந்தாலும் சரி. முதல் நாள் மேல் வயிற்றில் ஆரம்பித்து முதுகுக்குப் பாய்கிற வலி வந்தால் கணையம், வாயு என்று சோடா குடிக்காதீர்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது. அரிப்பு, நடுக்கம், கறுத்த சிறுநீர் இதில் எது வந்தாலும் காய்ச்சல் இல்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. கண்ணைப் பகல் வெளிச்சத்தில், கண்ணாடியில் பாருங்கள். மஞ்சள் விளக்குக்குக் கீழே பார்ப்பதில் பிரயோசனமில்லை. விரதம் இருப்பதானால் டாக்டரைக் கேட்டுவிட்டு இருங்கள். தீ மிதிப்பது நமக்கு இல்லை, அதில் பேச்சே கிடையாது.

பாகூர்ப் பக்கம் போகிறவர்கள் ஆடியில் போனால், எந்த ஊரில் காப்புக் கட்டியிருக்கிறது என்று பாகூர் ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டுக்கொண்டு போங்கள். தங்குவதற்குப் புதுச்சேரிதான் வசதி. நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத்துக்குள் இருப்பதே ஒரு நிம்மதி.

இந்த வருஷம் மறுபடி ஆடி வருகிறது. ஏழுமலைக்கு இன்னும் ஸ்டென்ட் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பத்து நாளைக்கு முன்னால் புது நம்பரிலிருந்து ஒரு போன். பூசாரி.

"டீச்சர், காப்புக் கட்ட நாள் குறிக்கணும். ஆடியில நாலஞ்சு வெள்ளி வருது, எது வெச்சாலும் அம்மாவுக்குச் சம்மதம்தான். அந்த வூட்டுக் காப்ப இனிமே கலாவுக்குத்தான் கட்டறோம், அது பேசி முடிஞ்சிடுச்சி. அவனுக்குக் கொழாய் மாத்தற தேதிய மட்டும் ஆஸ்பத்திரியில கேட்டுச் சொல்லுங்க. அவன் போயிட்டு வந்து எத்தினி நாள் கழிச்சி வெச்சா தோதா இருக்கும்?"

ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து, பத்து நாள் தள்ளி வையுங்கள் என்றேன். அப்படியே வைத்துவிட்டார்கள்.